இருமல் இருந்தால் அனுமதி இல்லை

வீட்டில் மொத்தம் பதினோரு கரண்டிகள் இருந்தன. மருந்துப் பாட்டிலில் 'இரண்டு டீஸ்பூன்' என்று போட்டிருந்தது. பதினொன்றில் எது டீஸ்பூன் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள், ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில், இதய வார்டில், ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தாள்.

அவள் புருஷன் கரண்டிகளைச் சமையல் மேடையில் வரிசையாக அடுக்கிவைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நடுநடுவே இருமினார். அவர் இருமும்போதெல்லாம் கரண்டிகளும் சேர்ந்து சத்தம் போட்டன.

பாட்டிலோடு கோடு போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி வந்திருந்தது. மூடிக்கு மேல் இன்னொரு மூடி எதற்கு என்று வாங்கிய அன்றே அதைக் குப்பையில் போட்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருஷமும் வீட்டில் மருந்து ஊற்றியது மனைவிதான். அந்த மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கோட்டுக்குச் சரியாக ஊற்றுவாள். இவர் வாயைத் திறப்பதோடு சரி.

கடைசியில், ரொம்பச் சின்னதும் இல்லாமல் ரொம்பப் பெரியதும் இல்லாமல் இருந்த ஒரு கரண்டியை நியாயமாகத் தேர்ந்தெடுத்தார். இரண்டு முறை நிரப்பிக் குடித்தார். பாட்டிலில் கால்வாசி காலி. பிறகு வழக்கமான பிரஷர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

இத்தனைக்கும் அவருடைய தொழில் என்ன தெரியுமா? மருந்து லேபிள்கள் அச்சடிக்கிற அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறார். ஒருமுறை ஒரே ஒரு காற்புள்ளிக்காக நாற்பதாயிரம் லேபிள்களை நிறுத்திவைத்தார். அன்றிலிருந்து அச்சகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்றே பெயர்.

இன்றைக்கு அந்த இருமல் நின்றாக வேண்டும். நாளைக் காலையில் அவளுக்கு ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வார்டுக்குள் பார்வையாளர்களை விடுவது மாலை நாலிலிருந்து ஐந்து வரை. வாசலில் ஒரு பலகை: 'இருமல், சளி உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.' அதில் ஒரு பிழையாவது இருந்திருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார். பாழாய்ப்போன பலகையில் எல்லாம் சரியாக இருந்தது.

அவளைச் சேர்த்த அன்று விடிய விடிய வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்ததில் பிடித்த இருமல் அது. ஐந்து நாளும் நாலு மணிக்கு வாசலில் போய் நின்றார். ஐந்து நாளும் வாசலோடு திரும்பினார். முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டும் போய்ப் பார்த்தார். வாட்ச்மேன் மசியவில்லை.

"உள்ள இருக்கறவங்க எல்லாம் நெஞ்சைப் பிளந்து தைச்சவங்க சார். விட முடியாது."

"இப்ப இருமல் இல்லப்பா, நல்லாயிடுச்..." என்று சொல்லி முடிப்பதற்குள் அடிவயிற்றிலிருந்து கிளம்பிவரும்.

"தள்ளிப் போய் இருமுங்க சார். உள்ள அத்தனை கட்டிலுக்கும் கேக்குது."

காற்புள்ளி கூனிக் குறுகிப்போவார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு பச்சைத் திரையும், ஏழாம் நம்பர் கட்டிலின் கால்மாடும் தெரியும். அவ்வளவுதான். பக்கத்திலேயே இருக்கிறாள், தூங்குகிறாளோ என்னவோ, நம் இருமலால் அதுவும் கெடுகிறதே என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி வந்துவிடுவார்.

உள்ளே போன் கூடாது. இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, உள்ளே போய்ச் சொல்ல வேறு ஆளும் இல்லை. 'நான் தினமும் வந்துட்டுப் போறேன்னு சொல்லுங்கம்மா' என்று நர்ஸிடம் சொல்லியனுப்பினார். நர்ஸ் ஓடுகிற ஓட்டத்தில் 'சரி சரி' என்றாள். ஒரு கை எழுதியதை மறு கை அச்சுக் கோத்தால் அதில் ஒரு பிழையாவது வரும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவர் நம்பவில்லை.

வராதவன் என்று அவள் நினைத்துவிடுவாள். நினைப்பதற்குக் காரணமும் இருந்தது.

அவளைச் சேர்த்த அன்று சாயங்காலம் வீட்டில் மேசையில் புரூஃப் விரித்திருந்தார். "நெஞ்சை என்னமோ பண்ணுதுங்க" என்றாள். "இந்தப் பத்தியை முடிச்சுட்டு வர்றேன்" என்றார். முடித்தார். பதினோரு வரி. திரும்பிப் பார்த்தபோது அவள் தரையில் கிடந்தாள்.

ஆம்புலன்ஸில் மூக்கில் குழாய் வைப்பதற்கு முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பத்தி முடிஞ்சுதா?"

அது கேலியா, கோபமா, நிஜமாகவே அக்கறையா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்றுக்கும் அவளுக்கு ஒரே குரல்தான். ஐந்து நாளாக அந்தக் கேள்வி அவரைச் சாப்பிட விடவில்லை. பதில் சொல்லாமல் அவளை ஆபரேஷனுக்கு அனுப்ப அவரால் முடியாது.

இன்று காலை பஸ்ஸில் ஏறியதும் மருந்து வேலையைக் காட்டியது. ஆனால் அவர் நினைத்த வேலையை அல்ல. அது சளியை இளக்கிவிட்டது. இதுவரை கரகரவென்று வந்த இருமல், இப்போது கடகடவென்று குரலெடுத்து வந்தது. பக்கத்து ஆள் எழுந்துபோனார். முன்சீட்டுப் பெண்மணி எழுந்துபோனார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது.

அச்சகத்தில் மிஷின்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, நீங்க இருமறது மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேக்குது. மருந்து சாப்பிட்டீங்களா?"

"காலையில ரெண்டு கரண்டி."

"தண்ணி மருந்து எல்லாம் அப்படியே வயித்துக்குப் போயிடும்ணே. மாத்திரைதான் நெஞ்சுல நிக்கும்." சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கிழித்தார். "எனக்குப் போன வாரம் சளி. இதுல ரெண்டு போட்டேன், அதோட சரி."

"மருந்து குடிச்ச மேல மாத்திரை போடலாமா?"

"மருந்து வேற, மாத்திரை வேற. ரெண்டும் சண்டையா போட்டுக்கும்?"

மிஷின்காரர் எதையும் இவ்வளவு உறுதியாகத்தான் சொல்வார். காற்புள்ளி இரண்டு மாத்திரையையும் போட்டுக்கொண்டார்.

ஒரு மணிநேரத்தில் வாய் வறண்டது. நெஞ்சு, மாடிப்படி ஏறியதுபோல் அடித்துக்கொண்டது. ஆபரேஷன் பயம் என்று நினைத்துக்கொண்டார். இருமல் மட்டும் போகவில்லை. காய்ந்துபோய், ஆணியால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

மதியம் பைண்டிங் பிரிவு அக்கா வந்தார். அக்கா என்றால் காற்புள்ளியைவிடப் பத்து வயது இளையவர். அச்சகம் முழுக்க அவர் அக்காதான், முதலாளிக்கும்கூட. அவர் பையில் எல்லா வியாதிக்கும் ஏதாவது இருக்கும்.

"இதைக் குடிங்க" என்று ஒரு சிவப்பு மருந்துப் பாட்டிலை நீட்டினார். "என் வீட்டுக்காரருக்கு ரெண்டே வேளையில நின்னுது. பாட்டிலைப் பார்த்தீங்களா? நம்ம லேபிள்."

காற்புள்ளி பாட்டிலை வாங்கிப் பார்த்தார். ஆமாம், அவர்கள் அச்சகத்து லேபிள். அவரே புரூஃப் பார்த்தது. ஐந்து நாளில் முதல்முறையாக அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. தெரிந்தவர் ஒருவரை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த நிம்மதி அது.

பாட்டிலைத் திருப்பித் திருப்பி முழுசாகப் படித்தார். பொடி எழுத்தையும் விடவில்லை. 'இதே மருந்துப் பொருள்கள் அடங்கிய வேறு மருந்துகளுடன் சேர்த்து உட்கொள்ளக் கூடாது.' ஒற்று சரி. முற்றுப்புள்ளி இருக்கிறது. 'இரத்த அழுத்தம் உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது.' காற்புள்ளி இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில். 'மயக்கம், தூக்கம் வரலாம்.' சுத்தம்.

"ஒரு தப்பும் இல்ல" என்றார் திருப்தியாக. அளவு மூடி எங்கே என்று அக்காவும் தேடவில்லை, அவரும் கேட்கவில்லை. பாட்டிலோடு வாயில் சரித்துக்கொண்டார்.

அந்த வாக்கியங்களை அவர் ஆயிரம் முறை படித்திருப்பார். ஒருமுறைகூட அவை தன்னிடம் பேசுவதாக அவருக்குத் தோன்றியதில்லை.

சிவப்பு மருந்து கேட்டது. இரண்டு மணிக்குள் இருமல் அடங்கிப்போயிற்று. பத்து நிமிஷத்துக்கு ஒன்று, இருபது நிமிஷத்துக்கு ஒன்று. ஆனால் புரூஃபில் எழுத்துகள் அடங்காமல் நகர ஆரம்பித்தன. ஒரு வரியைப் பிடித்தால் அடுத்த வரி நழுவியது.

மிஷின்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அண்ணே, புரூஃப்ல கையெழுத்து போட்டுட்டேன்னீங்களே?"

"போட்டுட்டேனே."

"இது நான் ரொட்டி சுத்திக் கொண்டாந்த பேப்பர். இதுலதான் 'சரி பார்த்தாச்சு, அச்சடிக்கலாம்'னு போட்டிருக்கீங்க."

இந்தச் செய்தி முதலாளி அறைவரை போயிற்று. முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் வீட்டம்மாவைப் பாருங்க" என்றார். திட்டினால் தாங்கியிருப்பார். அன்பாகச் சொன்னதும் காற்புள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டில்களையும் மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

தெருமுனை மருந்துக்கடையில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு இருமல் மிச்சம் இருக்கும்மா. அதுக்கு மட்டும் ஏதாவது குடுங்க. இருக்கறதுலயே பெருசா."

"வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?"

"இல்ல" என்றார் காற்புள்ளி. உண்மையைச் சொன்னால் நேரமாகும். மணி இரண்டரை.

"பையில என்ன சத்தம்?"

பை அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு பாட்டில்களும் ஒரு மாத்திரை அட்டையும் கண்ணாடி மேசைமேல் வந்து உட்கார்ந்தன. கடைக்காரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எப்பெப்ப சாப்பிட்டீங்க? எவ்வளவு?"

சொன்னார். கரண்டியின் அளவைக் கையால் காட்டினார். நெஞ்சு அடித்துக்கொள்வதையும் சொன்னார்.

"ஐயா, பேருதான் வேற, கலருதான் வேற. உள்ள இருக்கறது ஒரே சரக்கு. ஒண்ணு சளியை இளக்கும், ஒண்ணு இருமலை அடக்கும், ஒண்ணு மூக்கடைப்பைத் திறக்கும். மூணும் சேர்ந்துதான் இது ஒவ்வொண்ணும். காலையில இருந்து ஒரே மருந்தை மூணு பேர்ல சாப்பிட்டிருக்கீங்க. லேபிள் படிக்கலையா?"

"படிச்சேம்மா. நான் படிக்காம விடுவேனா? ஒரு தப்பும் இல்ல."

"என்ன போட்டிருந்துச்சு?"

காற்புள்ளி மனப்பாடமாக ஒப்பித்தார். "'இதே மருந்துப் பொருள்கள் அடங்கிய வேறு மருந்துகளுடன் சேர்த்து...'" அங்கே நின்றார்.

"பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?"

"தினமும்."

"போச்சு. மூக்கடைப்பைத் திறக்கறது பிரஷரை ஏத்தும். அதான் நெஞ்சு அடிச்சுக்குது. இருமலை அடக்கறது தூக்கத்தை இழுத்துட்டு வரும். இனி ஒரு சொட்டுகூடக் கூடாது. தண்ணி மட்டும் குடிங்க." ஒரு சீட்டில் மூன்று மருந்தையும் அளவையும் நேரத்தையும் எழுதினார். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. போனதும் மொதல் வேலையா இதை அங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்டம்மாவை அப்புறம் பாருங்க."

"இருமல் திரும்ப வந்துடுமா?"

"நாளைக்குக் காலை வரைக்கும் நீங்க வருந்திக் கூப்பிட்டாலும் வராது."

சொன்னதில் அது ஒன்றுதான் அவர் மனதில் தங்கியது. கடைக்காரம்மா வெளியே வந்து, அவரைத் தனியாக நடக்க விடாமல் ஒரு வண்டியைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

மூன்று மணிக்கெல்லாம் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. பேனாவால் திருத்தினார். டாக்டரிடம் ஐந்து மணிக்கு மேல் காட்டிக்கொள்ளலாம். இப்போது எழுந்துபோய் வரிசையில் நின்றால் நாலு மணி தவறிவிடும்.

வாட்ச்மேன் அவரைப் பார்த்து, "என்ன சார், இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?" என்றார்.

"நின்னுடுச்சுப்பா."

"அப்ப இன்னைக்கு உள்ள போயிடுவீங்க. நாலு மணிக்குத் திறக்கறேன்."

காற்புள்ளி பெஞ்சில் சாய்ந்து, அவளிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் எழுதிப் பார்த்தார். 'அன்னைக்கு நீ கூப்பிட்டப்பவே நான் எழுந்திருக்கணும், அந்தப் பத்தி என்ன பெரிய பத்தி, என் புத்தி அப்ப எங்க போச்சோ தெரியல.' நீளம். 'அந்தப் பத்தி' என்கிற இடத்தில் தொடங்கி எல்லாம் அனாவசியம். வெட்டினார். 'அன்னைக்கு நான் எழுந்திருக்கணும்.' இதிலும் 'நான்' முன்னால் வந்து நிற்கிறது. வாழ்க்கை பூரா அப்படித்தான் நின்றது. அதையும் எடுத்தார். கடைசியில் எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே வார்த்தை வந்து நின்றது. 'தப்புதான்.' அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அவள் பக்கத்தில் குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது வராந்தா விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மேலே ஒரு போர்வை கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில். எதிரே கடிகாரம் ஐந்தேகால் காட்டியது. வார்டுக் கதவு சாத்தியிருந்தது.

அவர் துள்ளி எழுந்தார். கால் நிற்கவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"மெல்ல சார், மெல்ல. நாலு மணிக்கு எழுப்ப வந்தேன். அசையவே இல்ல நீங்க. பயந்துபோய் நர்ஸைக் கூட்டிட்டு வந்தேன். கையில இருந்த சீட்டைப் படிச்சுட்டு நாடி பார்த்தாங்க, பிரஷர் பார்த்தாங்க. டாக்டரும் வந்து பார்த்தாரு. கொஞ்சம் கூடியிருக்கு, ஆபத்து இல்ல, தூங்கட்டும்னு சொன்னாங்க. நடுவுல ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனாங்க."

"அஞ்சு மணிக்குள்ள ஒரு உலுக்கு உலுக்கியிருக்கலாமேப்பா."

வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார். "மனசு வரல சார். அஞ்சு நாளா இருமி இருமி நீங்க தூங்கியே இருக்க மாட்டீங்க. இன்னைக்குத்தான் குழந்தை மாதிரித் தூங்குனீங்க. ஒரு இருமல்கூட இல்ல."

அவரைக் கோபித்துக்கொள்ளக் காற்புள்ளியால் முடியவில்லை. ஐந்து நாள் தன்னைத் துரத்திய ஆள், இன்று தன்மேல் போர்வை போர்த்தியிருக்கிறார்.

"ஒரே நிமிஷம் விடுப்பா. ஒரு வார்த்தைதான். நிஜமாவே ஒரு வார்த்தைதான்."

"உள்ள ஆபரேஷன் டாக்டர் வந்துட்டாரு சார். இப்ப கதவைத் திறந்தா என் வேலை போயிடும். காலையில வெள்ளென மாடிக்குக் கொண்டுபோயிடுவாங்க. அப்ப லிஃப்ட் பக்கமா நில்லுங்க. மயக்க ஊசி போட்டிருப்பாங்க, ஆனா முகத்தைப் பார்த்துக்கலாம்."

காற்புள்ளி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். அழுதார். மூச்சை இழுத்து இழுத்து அழுதும் நெஞ்சில் ஒரு கரகரப்பு எழவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது. உள்ளே அவள் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள்? ஆறு நாளாயிற்று, எட்டிக்கூடப் பார்க்கவில்லை, இன்னும் பத்தி முடியவில்லைபோல என்றுதான் நினைத்திருப்பாள்.

கதவு லேசாகத் திறந்தது. வார்டு ஆயா ஒரு தட்டோடு வெளியே வந்தார். தட்டில் ஒரு டம்ளர் பால், தொடாமல் ஆடை படிந்து இருந்தது.

"யாரு இவரு, இப்படி அழுதுக்கிட்டு?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"ஏழாம் நம்பர் அம்மாவோட வீட்டுக்காரர்."

ஆயா டம்ளரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். சாத்திய கதவை ஒருச்சாய்த்துத் திறந்து பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அஞ்சு நாளும் நாலு மணிக்கு உங்க இருமல் கேட்டதும் 'வந்துட்டாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே பாலைக் குடிச்சுட்டுத் தூங்கிடுவாங்க, இன்னைக்குக் கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, தயவுபண்ணி ஒரே ஒரு தடவை இருமுங்கய்யா."